ரப்பருக்குள் ஒரு கறுப்புப் பொட்டு

சிங்கப்பூர் யீஷூன் வீட்டில் அம்மாவின் டிவி ரிமோட்டில் சத்தம் கூட்டும் பட்டன் மட்டும் மக்கர் செய்தது. நேற்றிரவு தமிழ்ச் செய்தி முடிந்ததும் கழற்றினேன். ஒவ்வொரு பட்டனுக்கும் அடியில் மிளகளவு கறுப்புப் பொட்டு: கரித்தூள் கலந்த ரப்பர். அமுக்கினால் உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகையின் இரண்டு தடங்களையும் இணைக்கும்.

வெறும் ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. கரியோ கிராஃபைட்டோ கொஞ்சமாகச் சேர்த்தாலும் பயனில்லை; துகள்கள் தனித்தனியே கிடக்கும். ஓர் அளவைத் தாண்டியதும் ஒன்றையொன்று தொட்டுச் சங்கிலியாகிவிடும், கடத்துதிறன் சட்டென்று பல ஆயிரம் மடங்கு எகிறும். எத்தனை முறை படித்தாலும் எனக்குச் சிலிர்க்கும் இடம் இது.

அப்புறம், தேய்ந்த பொட்டின் மேல் 6பி பென்சிலை அழுத்தித் தேய்த்தேன். அதுவும் கிராஃபைட்தானே!

"சத்தம் வந்துடுச்சுப்பா!" என்றார் அம்மா.