பழைய ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிப் போடாதீர்கள்

அப்பா 80களில் வாங்கிய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் எங்கள் வீட்டு ஹாலில் இன்னும் பாடிக்கொண்டிருக்கிறது. பாட்டு வருவது என் ஐபாடிலிருந்து, சில நாள் போனிலிருந்து. இவற்றை ஆம்ப்ளிஃபயரோடு சேர்க்க ஒரே ஒரு ஒயர் போதும்: ஒரு முனையில் 3.5 மி.மீ. ஸ்டீரியோ பின், மறுமுனையில் சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு ஆர்சிஏ பின். சென்னை ரிச்சி தெருவில் கேட்டால் உடனே எடுத்துக் கொடுப்பார்கள்.

எங்கே செருகுவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பின்பக்கம் ஃபோனோ, ட்யூனர், டேப், ஆக்ஸ் என்று எழுதியிருக்கும். ஃபோனோ பக்கம் மட்டும் போகவே வேண்டாம். அது இசைத்தட்டுக்கானது. ஊசியிலிருந்து கிடைப்பது சில மில்லிவோல்ட்தான் என்பதால், உள்ளே சுமார் 100 மடங்கு பெருக்கும் சர்க்யூட் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. தட்டில் பதியும்போது குறைத்த பேஸையும், அதாவது கீழ்ஸ்தாயி ஒலியையும், அதுவே தூக்கிக் கொடுக்கும். ஐபாடோ ஏறக்குறைய ஒரு வோல்ட் வரை தரக்கூடியது. அங்கே கொடுத்தால் பேஸ் உறுமும், பாடகர் குரல் கரகரவென்று உடையும்.

வெளிக் கருவிகளுக்கென்று பொதுவாக வைத்திருக்கும் ஆக்ஸ்தான் சரியான இடம். இல்லையென்றால் ட்யூனர், அல்லது டேப்பில் 'பிளே' என்றிருக்கும் ஜோடி. 'ரெக்' ஜோடி வெளியே அனுப்புவது, அதில் செருகினால் பாட்டு வராது. பழைய பிலிப்ஸ், கிரண்டிக் செட்டுகள் சிலவற்றில் ஆர்சிஏவுக்குப் பதிலாக ஐந்து கால் கொண்ட வட்டமான டின் சாக்கெட் இருக்கும். டேப் சாக்கெட்டில் 3ஆம் கால் இடது, 5ஆம் கால் வலது, 2 எர்த். ஒயர் வாங்கும்போது இதைக் கேட்டு வாங்குங்கள்.

அப்புறம் வால்யூம். ஐபாடில் முக்கால் பங்குக்கு மேல் வைத்துவிட்டு, மீதியை ஆம்ப்ளிஃபயரின் திருகில் பார்த்துக்கொள்ளுங்கள். ஐபாடில் குறைத்து இங்கே கூட்டினால் பாட்டோடு 'ஸ்ஸ்' என்ற இரைச்சலும் ஏறும். ஐபாடில் ஒலியின் தன்மையை மாற்றும் ஈக்வலைசரை அணைத்துவிடுங்கள். அந்தக் காலத்து பேஸ், ட்ரெபிள் திருகுகள் அருமையானவை, அவற்றை வேலை செய்ய விடுங்கள். பழைய ஐபாடின் அடிப்பக்கத்தைச் செருகி நிறுத்தும் 30 பின் டாக் கிடைத்தால் இன்னும் நல்லது. அதன் லைன் அவுட்டில் ஐபாடின் வால்யூம் குறுக்கே வராது, தபேலாவின் அடி அவ்வளவு தெளிவாகக் கேட்கும்.

சார்ஜ் போட்டுக்கொண்டே கேட்டால் சில சமயம் 'ம்ம்ம்' என்று ஒரு ஹம் வரும். ஆம்ப்ளிஃபயர் கெட்டுவிட்டது என்று பயப்படாதீர்கள். சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள், பெரும்பாலும் நின்றுவிடும். நிற்காவிட்டால் எர்த் லூப்பை, அதாவது கருவிகளின் எர்த்கள் சேர்ந்து உண்டாக்கும் வளையத்தை, அறுக்கும் சின்ன ஐசொலேட்டர் ஒன்றை நடுவில் மாட்டலாம்.

ஹெட்போன் ஜாக் இல்லாத போன் என்றால் சார்ஜ் துளையில் செருகும் யுஎஸ்பி-சி டாங்கிளோ ப்ளூடூத் ரிசீவரோ வாங்குங்கள். இரண்டுமே அதே ஆக்ஸில்தான் வந்து சேரும்.