எடிசன் வீட்டில் ஆண்டெனா: 7, 11, 13 ஏன் வரவில்லை?

நியூஜெர்சி எடிசனில் கேபிள் கனெக்‌ஷனை நிறுத்துகிறவர்கள் முதலில் வாங்குவது ஜன்னலில் ஒட்டும் தட்டை ஆண்டெனா. நியூயார்க்கின் 2, 4, 5 சேனல்கள் அதில் பளிச்சென்று வரும். 7, 11, 13 மட்டும் கட்டம் கட்டமாக உடையும், அல்லது வரவே வராது. பழுது ஒன்றுமில்லை. டிவியில் தெரியும் எண் வேறு, காற்றில் வரும் சேனல் வேறு. 2 வருவது 36-இல், 4 வருவது 35-இல், 5 வருவது 27-இல், மூன்றும் யுஎச்எஃப், அதாவது குட்டை அலை. 7-உம் 11-உம் பழைய இடத்திலேயே இருக்கின்றன, 13 இப்போது 12-இல், இவை விஎச்எஃப், அதைவிட நீண்ட அலை. 36-க்கு அரை அலைநீளம் 25 செ.மீ.; 7-க்கு 85 செ.மீ. ஒரு அடி அட்டையில் அது எங்கே சிக்கும்?

ஆகவே பெட்டியில் போட்டிருக்கும் மைல் கணக்கை விட்டுவிட்டு, ‘ஹை-விஎச்எஃப்’ (7 முதல் 13 வரை) உண்டா என்று பாருங்கள். இரண்டு கம்பி வைத்த சாதாரண ஆண்டெனா கையில் இருந்தால், ஒவ்வொரு கம்பியையும் 40 செ.மீ. அளவுக்கு இழுத்துப் படுக்கையாக விரித்தாலே 7 எட்டிப் பார்க்கும்.

அட்டிக் (கூரைக்கு அடியில் உள்ள பரண்) நல்ல இடம்தான். ஆனால் வெளிச்சுவரில் அலுமினிய சைடிங்கோ ஃபாயில் ஒட்டிய இன்சுலேஷனோ இருந்தால் வீண்வேலை. கான்டோவில் (சொந்த அடுக்குமாடி வீட்டில்) உங்களுக்கென்றே உள்ள பால்கனியில் வைப்பதை அசோசியேஷன் தடுக்க முடியாது, 1996 முதல் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசியின் விதி இருக்கிறது. பொதுக்கூரைக்கு அது செல்லாது.

சேனல்கள் வரும் மன்ஹாட்டன் ஏறத்தாழ 25 மைல், திசை உண்மை வடக்கிலிருந்து 57 டிகிரி. ஒளிபரப்புக் கோபுரங்கள் உள்ள ஒன் வேர்ல்டு டிரேட் சென்டருக்கும் எம்பயர் ஸ்டேட்டுக்கும் நடுவே சுமார் 3 டிகிரிதான், ஒரே திருப்பலில் இரண்டும் அடங்கும். காந்தமுள் இங்கே 12, 13 டிகிரி மேற்கே விலகி நிற்பதால் காம்பஸில் 70 பார்த்து வையுங்கள். போனில் ‘உண்மை வடக்கு’ போட்டிருந்தால் 57-ஏ போதும்.

மொட்டை மாடியில் நின்று “வருதா? வருதா?” என்று கத்திய தூர்தர்ஷன் காலத்துக் கைவாகு இங்கே எடுபடாது. அன்று புள்ளி புள்ளியாகவாவது தெரியும். இன்று வந்தால் முழுசு, வராவிட்டால் கறுப்பு. டிவியின் சிக்னல் மீட்டரில் 7-ஐ வைத்து, 5 டிகிரி திருப்பி, 10 விநாடி பொறுங்கள். பார்க்க வேண்டியது ‘குவாலிட்டி’யை, ‘ஸ்ட்ரெங்த்’தை அல்ல. இடப்பக்கம் எங்கே உடைகிறது, வலப்பக்கம் எங்கே உடைகிறது என்று குறித்துக்கொண்டு நடுவில் முடுக்குங்கள். அட்டிக்கில் ஒரு அடி ஏற்றி இறக்கினாலே செத்த சேனல் உயிர் பெறும். எல்லாம் முடிந்தபின் சேனல் ஸ்கேன்.

பூஸ்டருக்கு அவசரப்படாதீர்கள். இந்தத் தூரத்தில் சிக்னல் ஏற்கெனவே பலம். பூஸ்டர் திணறி, வந்த சேனலும் போகும். இரண்டு டிவிக்குப் பிரித்தால் ஸ்ப்ளிட்டர் 3.5 டெசிபெல் தின்னும், அப்போதும் குறைந்தால் போடலாம். போட்டால் ஆண்டெனா அருகில். டிவிக்குப் பின்னால் வைத்தால் கேபிளில் இழந்தது திரும்பாது.

மாலையில் மட்டும் 7 உடைந்தால் மலிவு எல்இடி பல்புகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள்.

பிலடெல்பியா சேனல்களும் வேண்டுமென்றால், அது கிட்டத்தட்ட நேர் பின்புறம், 233 டிகிரி, 55 மைல். அங்கே 6 உண்மையாகவே 6-இல்தான் வருகிறது, அரை அலைநீளம் 1.76 மீட்டர். அதற்குக் கூரைமேல் தனி ஆண்டெனாதான். கம்பத்துக்கு 10 கேஜ் செம்புக் கம்பியில் எர்த்தும் கொடுக்க வேண்டும்.