குலுக்காத வைரம்

சவரக்கத்தியை நானே தீட்டிக்கொள்கிறேன் என்று கிளம்பிய நாளிலிருந்து என் இடது முன்கையில் முடி கிடையாது. கூர் வந்துவிட்டதா என்று அங்கேதான் வழித்துப் பார்ப்பேன். அங்கே தீர்ந்துபோய், இப்போது வலது கைக்கு வந்திருக்கிறேன்.

வெறும் தோல் வாரில் தீட்டினால் போதாது, அதில் வைரத்தூள் ஸ்பிரே அடித்துத் தீட்டினால் கத்தி வேறு ரகம் என்று காதில் விழுந்தது. சரி என்று ஒரு பாட்டில் வாங்கினேன். துகள் அரை மைக்ரான். தலைமுடியின் தடிமனே ஏறத்தாழ 70 மைக்ரான் என்றால் எவ்வளவு பொடி என்று பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் வைரம் இருக்கிறது என்கிற மிதப்பு வேறு.

என் வார், கட்டையில் ஒட்டியது. இரண்டு பக்கமும் தோல். ஒன்று ஸ்பிரேக்கு, மற்றது சும்மா. ஒரு சாண் தள்ளிப் பிடித்து நாலைந்து முறை அடித்துக் காயவிடுவேன். அப்புறம் கத்தியின் முதுகு முன்னே போக, வாய் பின்னால் வர, அழுத்தாமல் பத்து இழுப்பு. ஒவ்வொரு முறையும் முதுகின் மேல்தான் புரட்ட வேண்டும். மறந்து வாயின் மேல் புரட்டினால் தோல் கிழியும். (என் வாரில் மூன்று கிழிசல் இருக்கிறது. அந்தக் கதை இப்போது வேண்டாம்.) கடைசியாகச் சும்மா பக்கத்தில் ஐம்பது.

அடடா, என்ன ஒரு மாற்றம்! கன்னம் பட்டு மாதிரி இருக்கிறது என்று மூன்று வாரம் மனைவியிடம் அளந்துகொண்டிருந்தேன். ஒருநாள் அவள் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"அடியிலே சாம்பல் மாதிரி படிஞ்சிருக்கே, இது என்னங்க?"

அதுதான் வைரம். உறிஞ்சுகிற குழாய் அதற்கு மேலேயே நின்றுவிட்டது. 'உபயோகிக்குமுன் நன்றாகக் குலுக்கவும்' என்று பாட்டிலிலேயே போட்டிருந்தது. மூன்று வாரமாக நான் தோலுக்குத் தண்ணீர் தெளித்திருக்கிறேன்.

ரோஷம் வந்துவிட்டது. கை வலிக்கக் குலுக்கி, இருபது முறை அடித்தேன். தண்ணீரில் பாதியை ஏற்கெனவே வெளியே தெளித்துவிட்டதால் மிச்சமிருந்தது இரட்டை வைரம் என்பது அப்போது உறைக்கவில்லை. காயட்டும் என்று போனேன். திரும்பி வருவதற்குள் யாரோ மேசையைத் துடைத்து, கட்டையைப் புரட்டி வைத்திருந்தார்கள். காய்ந்த ஸ்பிரேக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. எந்தப் பக்கம்?

குத்துமதிப்பாக ஒரு பக்கத்தில் இழுத்தேன். பத்தாவது இழுப்பில் தோலில் கரிக்கோடு விழுந்தது. இரும்பு தேய்கிறது, அப்படியென்றால் இதுதான் வைரப் பக்கம்! அந்தச் சந்தோஷத்தில் கத்தியைத் துடைக்காமல் அப்படியே மறுபக்கத்தில் ஐம்பது இழுத்தேன். அங்கேயும் மெல்லிய கரிக்கோடு. கத்தியோடு வைரமும் அந்தப் பக்கத்துக்குக் குடியேறிவிட்டது.

மறுநாள் சவரம். கத்தி முடியை விட்டுவிட்டுத் தோலைத் தேடிப் போன மாதிரி இருந்தது. கன்னம் முழுக்க எரிச்சல். "பட்டு எப்படி இருக்கு?" என்று உள்ளேயிருந்து கேள்வி வந்தது.

சும்மா பக்கத்துக்கென்று புதிய தோல் ஒட்டினேன். இனி குழப்பமே கூடாது என்று கைப்பிடியில் பேனாவால் கொட்டை எழுத்தில் 'இந்தப் பக்கம்' என்று எழுதியும் வைத்தேன்.

இன்று காலை கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கால் மணி நேரமாக நிற்கிறேன். இந்தப் பக்கம் அடிக்கலாம் என்று எழுதினேனா, அடிக்கக் கூடாது என்று எழுதினேனா?