ஒரு மாட்டுக்கு இரண்டே நெஞ்சுக்கறி

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குத்தான் சந்தை திறக்கும். எங்கள் அடுப்போ வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கே எரியத் தொடங்கிவிடும். டெக்சாஸ் மாநிலத்தில், ஆஸ்டின் நகரிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் உள்ள சிற்றூரின் உழவர் சந்தையில், பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருவர் வளர்க்கும் மாடுகளின் இறைச்சியை ஓக் விறகுப் புகையில் வேகவைத்து நானும் என் மனைவியும் மூன்று ஆண்டுகளாக விற்றுவருகிறோம். கடை என்றால் பத்தடிக்குப் பத்தடியில் ஒரு கூடாரம், காற்றில் அது பறந்துவிடாதபடி நான்கு கால்களிலும் கட்டிய மணல்மூட்டைகள், இரண்டு மேசைகள், ஒரு வெட்டுப்பலகை, ஒரு தராசு, கைகழுவக் குழாய் வைத்த தண்ணீர்க் கலம், அவ்வளவுதான்.

உழவர் சந்தை என்றதும் மதுரைக்காரனான எனக்கு 1999ஆம் ஆண்டு அண்ணா நகரில் தொடங்கப்பட்ட முதல் சந்தைதான் நினைவுக்கு வரும். அங்கே அன்றன்றைய விலையை அதிகாரிகள் முடிவுசெய்து பலகையில் எழுதிவிடுவார்கள். கத்தரிக்காய்க்கு வாய்ப்பேச்சால் விலை ஏற்ற முடியாது. இங்கே விலை விற்பவரின் விருப்பம், யாரும் தலையிட மாட்டார்கள். ஆனால் விற்கும் பொருள் யாருடைய நிலத்தில் விளைந்தது, யாருடைய தொழுவத்தில் வளர்ந்தது என்பதை வாங்க வருபவர்கள் கேட்பார்கள், கேட்டுவிட்டு நம் முகத்தையும் பார்ப்பார்கள். அந்தக் கேள்வியில் நான் ஒருமுறை வசமாக மாட்டிக்கொண்டேன். இந்தப் பதிவே அதைப் பற்றியதுதான்.

டெக்சாஸில் பார்பிக்யூ என்று சொன்னால் அது பெரும்பாலும் பிரிஸ்கெட்டைக் குறிக்கும். மாட்டின் முன்னங்கால்களுக்கு நடுவே, நெஞ்சுப் பகுதியில் இருக்கும் இறைச்சி அது. நின்றாலும் நடந்தாலும் உடலின் பாரத்தைச் சுமக்கும் தசை என்பதால் நாரும் சவ்வும் மிகுந்து, சாதாரணமாகச் சமைத்தால் பல்லுக்கு வேலை வைக்கும். அதையே 120 முதல் 135 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் பன்னிரண்டு மணி நேரம் போல விட்டுவைத்தால், சவ்விலுள்ள கொலாஜன் என்ற புரதம் மெல்ல மெல்ல இளகிக் கூழாகி, விரலால் பிட்டாலே இழை பிரியும் பதத்துக்கு வந்துவிடுகிறது. தொடக்கத்தில் நானும் எல்லாரையும் போல பிரிஸ்கெட் மட்டுமே விற்பது என்று முடிவுசெய்திருந்தேன். பலகையில் பண்ணையின் பெயரைப் பெரிதாக எழுதி, 'இந்த மாவட்டத்தில் மேய்ந்த மாடுகள்' என்று அதன் கீழே ஒரு வரியும் சேர்த்திருந்தேன்.

பண்ணைக்காரர் இரண்டு வாரத்துக்கு ஒரு மாட்டை இறைச்சிக்கூடத்துக்கு அனுப்புவார். ஒரு மாட்டுக்கு நெஞ்சுக்கறி இரண்டுதான், இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. அவருடைய மாடுகள் புல் மேய்ந்து வளர்பவை, உருவில் சிறியவை. ஒரு பிரிஸ்கெட் ஐந்து கிலோ தேறினால் பெரிது. மேற்கொழுப்பையும் ஓரங்களையும் சீவியபின் நான்கு கிலோவுக்குச் சற்றே மேல் மிஞ்சும். அடுப்பிலிருந்து இறக்கும்போது அது இரண்டரை கிலோவாகச் சுருங்கியிருக்கும். இரண்டையும் சேர்த்தால் ஐந்து கிலோ, ஆளுக்கு 150 கிராம் என்று வைத்தால் முப்பத்துமூன்று பேர். முதல் சனிக்கிழமை பத்தேமுக்கால் மணிக்கு வெட்டுப்பலகை காலியாகிவிட்டது. எதிரே இன்னும் பதினைந்து பேர் நின்றிருந்தார்கள்.

அப்போது நான் செய்ததை இப்போது எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. மொத்த விற்பனைக் கடையில் நெகிழி உறையில் அடைத்த பிரிஸ்கெட்டுகள் வேண்டுமளவு கிடைக்கும். அடுத்த முறை பண்ணையிலிருந்து வந்த இரண்டோடு அங்கே வாங்கிய இரண்டையும் அடுப்பில் ஏற்றினேன். பலகையை மாற்றவில்லை. புகை எல்லாவற்றையும் ஒரே நிறமாக்கிவிடும், யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன்.

மூன்றாவது சந்தையில், எழுபது வயதைக் கடந்த ஓர் அம்மையார் வந்தார். வைக்கோல் தொப்பி, கையில் துணிப்பை. பலகையை வாசித்தார், மேசையில் நான் சுற்றிவைத்திருந்த நான்கு பொட்டலங்களையும் பார்த்தார்.

“இந்த வாரம் அவர் எத்தனை மாடு அறுத்தார், தம்பி?”

“ஒன்றுதான் அம்மா.”

“அதற்கு நெஞ்சு நான்கா?”

வேறு ஒன்றும் சொல்லவில்லை. குரலையும் உயர்த்தவில்லை. அரை பவுண்டு வாங்கிக்கொண்டு, காசை எண்ணிக் கொடுத்துவிட்டுத் தேன் விற்பவரின் கடைப்பக்கம் போய்விட்டார். அவர் மாட்டுப் பண்ணையில் பிறந்து வளர்ந்தவர் என்பதைத் தேன்காரர்தான் பிறகு சொன்னார். அன்று மதியம் கடையைக் கட்டும்வரை எனக்குக் கை ஓடவில்லை. மனைவியிடம் சொன்னபோது, “மாட்டைப் பார்த்தவர்களிடம் போய்க் கணக்குச் சொல்லியிருக்கிறீர்களே” என்று சிரித்தாள். அன்றோடு மொத்த விற்பனைக் கடையில் வாங்குவதை நிறுத்தினோம்.

நிறுத்திவிட்டு என்ன விற்பது என்று யோசித்தபோதுதான், நாற்பது கிலோமீட்டர் தொலைவிலிருந்த பழைய கடைகளின் வரலாறு கண்ணில் பட்டது. நடு டெக்சாஸின் பார்பிக்யூ உணவகத்தில் பிறந்ததன்று, கசாப்புக்கடையில் பிறந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே குடியேறிய ஜெர்மானியர்களும் செக் மக்களும் ஊருக்கு ஊர் இறைச்சிக்கடை வைத்தார்கள். குளிர்பதன வசதி இல்லாத அந்தக் காலத்தில், நல்ல கண்டங்கள் விற்றுப்போனபின் மிஞ்சியவற்றைக் கெட்டுப்போகாமல் காப்பதற்காகக் கடையின் பின்கட்டில் புகையிட்டார்கள், துண்டு துணுக்குகளை அரைத்துக் குடலில் அடைத்து சாசேஜ் ஆக்கினார்கள். பருத்தி எடுக்க வந்த கூலித்தொழிலாளர்கள் அதைக் கசாப்புத்தாளில் வாங்கி, கடை வாசலிலேயே கையால் பிட்டுச் சாப்பிட்டார்கள். எல்ஜின் ஊரின் சவுத்சைட் மார்க்கெட் 1882இலும், லாக்ஹார்ட் ஊரின் கிராய்ட்ஸ் மார்க்கெட் 1900இலும் தொடங்கியவை; இரண்டின் பெயரிலும் 'மார்க்கெட்' என்ற சொல் இருப்பது இறைச்சிச் சந்தையாக இருந்த நாளின் அடையாளம்.

அந்தக் கடைகளுக்கு மாடு முழுதாகவோ, பாதியாகவோ, கால் பங்காகவோ வந்து இறங்கியது. ஆகவே முன்பகுதியில் உள்ள எல்லாவற்றையும், குறிப்பாகப் பெரிய தோள்பட்டைக் கறியை, அவர்கள் விற்றாக வேண்டியிருந்தது. பிரிஸ்கெட் எல்லாக் கடையிலும் அரசாளத் தொடங்கியது 1960களில்தான். 1967இல் அயோவா பீஃப் பேக்கர்ஸ் என்ற நிறுவனம், மாட்டை ஆலையிலேயே கண்டம் கண்டமாகப் பிரித்து, காற்று நீக்கிய உறையிலிட்டு, அட்டைப்பெட்டியில் அனுப்பும் முறையைக் கொண்டுவந்தது. அதன்பின் ஒரு கடைக்காரர் வேண்டிய கண்டத்தை மட்டும் வேண்டிய அளவு வரவழைத்துக்கொள்ள முடிந்தது. அதாவது நூறு மாட்டின் நெஞ்சு ஒரே கடைக்கு வரலாம், மீதி உடல் எங்கே போனது என்று அந்தக் கடைக்குத் தெரிய வேண்டியதில்லை. காலகாலமாக இருந்துவருவதாக நாம் நினைக்கும் அந்தப் பிரிஸ்கெட் தட்டுக்குப் பின்னால் ஓர் அட்டைப்பெட்டி இருக்கிறது. ஒரே பண்ணையின் மாட்டை நம்பிச் சந்தையில் கடை போடுபவனுக்கு அந்தப் பெட்டி கிடையாது; அவன் 1900ஆம் ஆண்டின் கசாப்புக்காரன் நின்ற இடத்தில்தான் நிற்கிறான்.

எனவே பண்ணைக்காரரோடு உட்கார்ந்து மாட்டைப் பங்கு போட்டுக்கொண்டோம். உயிருடன் ஐந்நூறு கிலோ இருக்கும் மாடு, தோலும் தலையும் குடலும் நீங்கிக் கொக்கியில் தொங்கும்போது முந்நூறு கிலோவுக்குள் வந்துவிடும். எலும்பையும் வேண்டாத கொழுப்பையும் கழித்தால் மேலும் நூறு கிலோ குறையும். முதுகுக் கறி, தொடை, கொத்துக்கறி ஆகியவற்றை அவர் உறையவைத்துத் தம் கடையில் பச்சையாக விற்றுக்கொள்கிறார். நெஞ்சு இரண்டு, தோள்பட்டை இரண்டு, விலாவின் கீழ்ப்பகுதி, கன்னம், நாக்கு ஆகியவை எனக்கு. சீவிய துண்டுகளை இறைச்சிக்கூடத்திலேயே கரகரப்பாக அரைத்து, உப்பும் மிளகும் காய்ந்த மிளகாய்த் தூளும் மட்டும் சேர்த்து சாசேஜாக அடைத்துத் தருகிறார்கள். அந்தக் கூடம் அரசு ஆய்வாளரின் முத்திரை பெற்றதாக இருந்தாக வேண்டும்; சொந்த உபயோகத்துக்கென்று அறுத்துத் தரும் இடங்களின் பொட்டலத்தில் 'விற்பனைக்கு அன்று' என்று அச்சிட்டிருப்பார்கள், அதை மேசையில் வைத்தால் குற்றம். வீட்டுச் சமையலறையில் செய்த ரொட்டியையும் ஜாமையும் விற்க 2011ஆம் ஆண்டுச் சட்டம் இடம்கொடுத்திருக்கிறது. இறைச்சிக்கு அந்தச் சலுகை இல்லை. ஆகவே நாங்கள் உரிமம் பெற்ற வாடகைச் சமையலறை ஒன்றின் பின்முற்றத்தில்தான் அடுப்பை நிறுத்தியிருக்கிறோம்.

புல் மேய்ந்த மாட்டைப் புகையிடுவது தனி வித்தை. தானியம் தின்று கொழுத்த மாட்டின் தசைக்குள் வெண்ணிறக் கொழுப்பு வலைபோலப் படர்ந்திருக்கும். சற்று அசந்தாலும் அது நம்மைக் காப்பாற்றிவிடும். புல் மாட்டில் அந்தத் தயவு இல்லை. இரவு பதினொரு மணி வாக்கில், உள்வெப்பம் 70 டிகிரியை நெருங்கும் இடத்தில், வெப்பமானியின் முள் அப்படியே நின்றுவிடும். இரண்டு மூன்று மணி நேரம் விறகு தின்றுகொண்டே இருக்கும், முள் ஏறாது. மண்பானைத் தண்ணீர் குளிர்வது எதனாலோ அதே காரணம்தான்: இறைச்சியின் மேற்பரப்பில் கசியும் ஈரம் ஆவியாகிக்கொண்டே வெப்பத்தை எடுத்துச் சென்றுவிடுகிறது. முதல் ஆண்டில் நான் பதறிப்போய் விறகை அள்ளிப் போடுவேன், வெண்புகை கிளம்பி இறைச்சியில் கசப்பேறும். இப்போது, உருக்கிய மாட்டுக் கொழுப்பைத் தடவிய கசாப்புத்தாளில் அந்த நேரத்தில் சுற்றிவிடுகிறேன். ஈரம் அடங்கும், முள் நகரும். 95 டிகிரியை ஒட்டி, குத்தும் ஊசி வெண்ணெயில் இறங்குவது போல இறங்கினால் எடுத்துவிடலாம். ஊசி சொல்வதைத்தான் நம்ப வேண்டும், வெப்பமானி காட்டும் எண் சொல்வதை அன்று.

விறகு போஸ்ட் ஓக், இப்பகுதியில் தானே வளரும் மரம். ஓராண்டாவது காய்ந்திருக்க வேண்டும். காற்று தெற்கிலிருந்து அடிக்கிற நாளில் சாசேஜ் சூடாக்கும் சிறிய அடுப்பின் புகை பூ விற்கும் பெண்மணியின் கடைக்குள் போய்விடுகிறது. அவர் முகம் சுளித்ததைப் பார்த்து, இப்போது அந்த அடுப்பைக் கூடாரத்தின் வேறு மூலைக்கு மாற்றிக்கொண்டோம்.

சந்தையில் சமையலைவிடக் கடினமானது சூட்டைக் காப்பது. வெட்டும் நொடிவரை இறைச்சி 57 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கக் கூடாது என்பது விதி. ஆய்வாளர் சொல்லாமல் வந்து ஊசியைக் குத்திப் பார்ப்பார். ஜனவரியில் வடக்குக் காற்று வீசும் காலைகளில், முழுக் கண்டத்தை முன்கூட்டியே நறுக்கி வைத்தால் பத்து நிமிடத்தில் ஆறிவிடும். ஆகவே கேட்பவரின் கண்முன்னேதான் வெட்டுகிறோம், வரிசை நீண்டாலும் பரவாயில்லை. நம் ஊர் நண்பர்கள் வந்தால், துண்டின் ஓரத்தில் ஓடும் இளஞ்சிவப்புக் கோட்டைக் காட்டி, “இன்னும் வேகவில்லையே” என்பார்கள். புகையிலுள்ள வாயுக்கள் தசையின் நிறமியோடு கலந்து அந்தச் சிவப்பை நிலைநிறுத்திவிடுகின்றன. பன்னிரண்டு மணி நேரம் வெந்தாலும் அது போகாது. இதை வாரம் ஒருமுறையாவது விளக்க வேண்டியிருக்கிறது.

விலையைப் பற்றியும் கேட்பார்கள். பிரிஸ்கெட் ஒரு பவுண்டு 34 டாலர் என்றால் சிலர் திரும்பிப் போய்விடுகிறார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்களுக்காகத்தான் தோள்பட்டை இருக்கிறது, 24 டாலர். என் நாக்குக்கு அதன் சுவை ஒருபடி மேல். தோள்பட்டை இரண்டும் சேர்ந்து பிரிஸ்கெட்டைவிட அதிகம் தேறுவதால் வரிசை இப்போது பன்னிரண்டரை மணிவரை தாங்குகிறது. விலாவுக்கு எந்நாளும் கிராக்கி. கன்னத்தையும் நாக்கையும் தெற்கு டெக்சாஸிலிருந்து இங்கே வந்து குடியேறிய மெக்சிகோ வழிக் குடும்பங்கள் சொல்லிவைத்து வாங்கிப்போகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் தலைக்கறி தின்னும் வழக்கம் அவர்களுக்கும் உண்டு என்று தெரிந்தபோது எனக்கு ஊர் ஞாபகம் வந்தது.

பலகையையும் மாற்றி எழுதிவிட்டோம். பண்ணையின் பெயருக்குக் கீழே, 'இந்த வாரம் மாடு ஒன்று' என்று எழுதி, நெஞ்சு 2, தோள் 2, நாக்கு 1 என வரிசையாகப் போட்டு, தீரத் தீரச் சுண்ணக்கட்டியால் கோடு போடுகிறோம். தொப்பிக்கார அம்மையார் மாதத்துக்கு ஒருமுறை வருவார். பலகையை மேலிருந்து கீழாக வாசிப்பார், அரை பவுண்டு தோள்பட்டையும் இரண்டு சாசேஜும் வாங்குவார். பழைய கதையை அவரும் எடுத்ததில்லை, நானும் எடுத்ததில்லை.

ஈரலுக்கு மட்டும் இன்னும் வழி பிறக்கவில்லை. புகையில் போட்டால் கட்டியாகிக் கசக்கிறது. பச்சையாகப் பண்ணைக்காரரின் கடையில் வைத்தாலும் போவதில்லை. ஆகையால் அது எங்கள் வீட்டுக்கு வந்துவிடுகிறது. சனிக்கிழமை இரவு, அடுப்புச் சாம்பலை அள்ளிக் கொட்டிவிட்டு வந்து, சின்ன வெங்காயமும் நிறைய மிளகும் போட்டு வறுத்து, ரசத்தோடு சாப்பிட்டுவிட்டுப் படுக்கிறோம்.