பத்துக் கோழி வரைக்கும் வளர்க்கலாம், ஆனா தரைவீடு இருந்தாதான்

சிங்கப்பூர்ல வீட்டுல கோழி வளர்க்க முடியுமான்னு கேட்டா நம்ம ஆளுங்கள்ல பாதிப் பேரு "முடியவே முடியாது, ஃபைன் போட்ருவாங்க"ன்னுதான் சொல்வாங்க. ஆனா வளர்க்கலாம். தரைவீட்டுல, அதாவது அடுக்குமாடியா இல்லாத டெரஸ், பங்களா மாதிரி வீட்டுல இருக்கறவங்க, விக்கறதுக்கு இல்லாம சொந்தத்துக்குன்னா, கோழி வாத்து எல்லாம் சேர்த்து பத்து வரைக்கும் வச்சுக்கலாம். பத்துக்கு மேல போனாலோ வியாபாரம்னாலோ அது பண்ணைக் கணக்கு, லைசென்ஸ் வேற. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டுன அடுக்குமாடி வீட்டுல ஒண்ணுகூடக் கூடாது. குஞ்சுதானே, பால்கனியில ஒரு பெட்டியில வச்சுக்கறேன்னாலும் கூடாது.

இத பத்தி எழுதணும்னு தோணுனதுக்கு எங்க அக்காதான் காரணம். சிலேத்தார் ஹில்ஸ் பக்கம் டெரஸ் வீடு அவளுக்கு, பின்கட்டுல கொஞ்சம் இடம் இருக்கு, அதுல நாலு பெட்டைக்கோழி வளர்க்கறா. போன தடவ குடும்பமா போயிருந்தப்ப என் தங்கச்சி பேரன் வந்து முட்டைய கையில வாங்கிட்டு "இது ஏன் சுடுது"ன்னு கேட்டான். அவனுக்குத் தெரிஞ்ச முட்டை எல்லாம் ஃப்ரிட்ஜ்ல இருக்கற முட்டைதான், பாவம் அவன் என்ன பண்ணுவான், புங்கோல்ல பதினாலாவது மாடியில பொறந்து வளர்ற பிள்ள. அதே புங்கோல் ஒரு காலத்துல பன்னிப் பண்ணையும் கோழிப் பண்ணையுமா இருந்த இடம். 1984ல பன்னிப் பண்ணைங்களை மூடப்போறோம்னு அரசாங்கம் அறிவிச்சாங்க, பத்து வருஷம் ஆகறதுக்குள்ள எல்லாம் போயிருச்சு.

அக்கா வீட்டுக் கூண்ட பாத்தவங்க எல்லாரும் மொதல்ல கேக்கறது "எதுக்கு இவ்ளோ நெருக்கமா வலை"ன்னுதான். வலையும் கூரையும் அழகுக்கு இல்லீங்க, விதியோட உயிரே அதுலதான் இருக்கு. காக்கா, மைனா, புறா எதுவும் கோழிகிட்ட வரக்கூடாது, அதுங்க எச்சம் தீனியிலயோ தண்ணியிலயோ விழக்கூடாது. பறவைக் காய்ச்சல் அப்படித்தான் பரவும். செப்டம்பர்லேந்து மார்ச் வரைக்கும் வடக்கேருந்து எவ்ளோ தூரம் பறந்து வர்ற பறவைங்க சுங்கை பூலோ சதுப்புநிலத்துல வந்து எறங்குது, நம்ம ஊரு அதுங்களோட பாதையில இருக்கு, அதனால இந்த பயம் கற்பனை இல்ல. 1997ல ஹாங்காங்ல கோழிகிட்டருந்து மனுஷனுக்கு வந்து 18 பேருக்கு காய்ச்சல், அதுல 6 பேரு செத்துப்போனாங்க, பத்து லட்சத்துக்கும் மேல கோழிங்கள அழிச்சாங்க. 1999ல பன்னிகிட்டருந்து பரவுன நிப்பா வைரஸ் வந்தப்ப மலேசியால நூறு பேருக்கு மேல போயிட்டாங்க, இங்க அறுப்புக்கூடத்துல வேலை செஞ்ச 11 பேருக்கு வந்து ஒருத்தர் இறந்துட்டாரு. இவ்ளோ சின்ன ஊருல, இவ்ளோ நெருக்கமா வாழ்ற எடத்துல, அரசாங்கம் இதுல கறாரா இருக்கறத நான் தப்பு சொல்லவே மாட்டேன்.

அந்த வலைக்கு இன்னொரு பலனும் உண்டு. மலைப்பாம்பு. சாக்கடை வழியா வரும், எலிய தேடி வந்து கோழிய பாத்தா விடுமா. சில ஏரியால முசாங்னு சொல்ற புனுகுப்பூனை வேற. சும்மா கோழிக்கம்பி சுத்திவிட்டா போதும்னு நெனைக்காதீங்க, கண்ணி சின்னதா கெட்டியா இருக்கணும், அடியிலயும் போடணும், ராத்திரி கதவுக்கு கொக்கி மட்டும் பத்தாது.

அப்பறம் எல்லாரும் கேக்கற கேள்வி, சேவல் இல்லாம முட்டை போடுமா? போடும். சேவல் வேணும்னா குஞ்சு பொரிக்கறதுக்குத்தான், சாப்பிடற முட்டைக்கு தேவையே இல்ல. இது தெரியாம சேவலையும் சேர்த்து வாங்கிட்டு வந்து விடியக்காலையில அது கூவ ஆரம்பிச்சு, பக்கத்து வீட்டுக்காரங்க புகார் கொடுத்து, கடைசியில மொத்தக் கோழியையும் கொடுத்துட்டு உக்காந்த குடும்பத்த எனக்குத் தெரியும். பெட்டைங்க முட்டை போட்டுட்டு கொஞ்ச நேரம் கொக்கரிக்கும், அவ்ளோதான், அது பகல்ல.

யோசிக்க வேண்டிய பெரிய விஷயம் வேற. ரெண்டு வருஷம் நல்லா முட்டை போடும், அப்பறம் கொறைஞ்சுகிட்டே வரும், ஆனா கோழி ஆறேழு வருஷம் உயிரோட இருக்கும். பத்துதான் கணக்குன்னா கெழட்டுக் கோழியும் அந்தப் பத்துலதான் வருது. கறிக்குப் போட மனசு வராதுன்னா அதுங்கள கடைசிவரைக்கும் வச்சு காப்பாத்தணும், முட்டை இல்லாம. வாங்கறதுக்கு முன்னாடியே வீட்டுல எல்லாரும் உக்காந்து இத பேசிடுங்க.

எங்க அம்மா செம்பவாங் கம்பத்துல (கிராமத்துல) இருந்தவங்க. நேவல் பேஸ்ல தாத்தாவுக்கு வேலை, வீட்ட சுத்தி கோழி, ரெண்டு ஆடு. கோழி எத்தனைன்னு அம்மாவுக்கே தெரியாதாம், சாயங்காலம் வந்து அடையறதுதான் நம்மளோடதுன்னு கணக்கு. புளோக் வீட்டுக்கு மாறுனப்ப ஆட்ட வித்தாங்க, கோழிய சொந்தக்காரங்களுக்கு கொடுத்தாங்க. எத்தனையோ குடும்பத்துக்கு இதே கததான். அதுக்கும் முன்னாடி போனா தேக்காவே, அதான் இப்ப லிட்டில் இந்தியாங்கற பக்கம், மாட்டுப்பட்டியா இருந்த எடம், ரோச்சோர் ஆத்துத் தண்ணியும் புல்லும் இருந்ததால மாட்டு வியாபாரம் அங்க வளந்துச்சு, நம்மாளுங்க மாட்ட மேச்சு வீடு வீடா பால் ஊத்துனாங்க, பஃபலோ ரோடு இன்னிக்கும் இருக்கு. 1930கள்ல சுகாதாரம்னு சொல்லி முனிசிபாலிட்டி மாடுங்கள அங்கேருந்து வெளியேத்திட்டாங்க. இப்ப பொங்கலுக்கு லிம் சூ காங் பண்ணையிலேருந்து மாடு கன்ன லிட்டில் இந்தியாவுக்கு கொண்டுவந்து கட்டறாங்க, பிள்ளைங்கள தோள்ல தூக்கி வச்சுகிட்டு எவ்ளோ கூட்டம் நிக்குது பாருங்க. அந்த ஏக்கம் நெஜம்.

2017 ஆரம்பத்துல சின் மிங் அவென்யூ பக்கம் சுத்திகிட்டு இருந்த 24 கோழிய அரசாங்க அதிகாரிங்க பிடிச்சு கொன்ன செய்தி வந்தப்ப எனக்கு ரெண்டு நாளு சாப்பாடே எறங்கல. சத்தம்னு புகார் வந்துச்சுன்னாங்க, அப்பறம் சத்தம் மட்டும் காரணம் இல்ல, காய்ச்சல் பரவற ஆபத்தும் இருக்குன்னு விளக்கம் கொடுத்தாங்க. காய்ச்சல் பயத்த நான் மேலயே ஒத்துகிட்டேன். ஆனா கொல்றதுக்கு முன்னாடி வேற எடத்துக்கு மாத்த முடியுமா, முட்டைய எடுத்து எண்ணிக்கைய கொறைக்க முடியுமான்னு அங்க இருக்கறவங்கள கூப்பிட்டு உக்கார வச்சு பேசியிருக்கணும். இன்னொண்ணு, தெருவுல சுத்தற எல்லாமே யாரோ விட்டுட்டுப் போன கோழி இல்ல. காலு சாம்பல் நெறமா, காதுகிட்ட வெள்ளத் திட்டு, வால் அடியில வெள்ளையா இருந்தா காட்டுக்கோழியா இருக்கலாம், உலகத்துல இருக்கற வீட்டுக்கோழிக்கெல்லாம் மூதாதை, இங்க புலாவ் ஊபின்லயும் மேற்குப்பக்கக் காட்டுலயும் இயற்கையாவே இருக்கற பறவை. தயவுசெஞ்சு சோறு, ரொட்டின்னு போடாதீங்க, வனவிலங்குக்குத் தீனி போட்டா மொத தடவையே 5,000 வெள்ளி வரைக்கும் அபராதம் உண்டு, அதவிட முக்கியம், தீனி போட்டா கூட்டம் பெருகும், கூட்டம் பெருகுனா புகார் வரும், புகார் வந்தா என்ன நடக்கும்னு சின் மிங்ல பாத்தோம்.

சரி, நான் கேக்க வந்தது இதுதான். பத்துக் கோழி விதி நல்ல விதி, ஆனா அத அனுபவிக்கறது தரைவீடு வாங்க வசதி உள்ளவங்க மட்டும். மீதிப் பேரு, அதாவது ஜனங்கள்ல முக்கால்வாசிக்கும் மேல, வீவகல இருக்கோம். வீட்டுக்குள்ள கோழி வேணும்னு நான் கேக்கல, அது கோழிக்கும் நல்லது இல்ல, கீழ்வீட்டுக்காரங்களுக்கும் நல்லது இல்ல. ஆனா புளோக்குக்குக் கீழ சமூகத் தோட்டம் இருக்கே, 2005லேருந்து தேசியப் பூங்காக் கழகம் இத வளத்துகிட்டு வருது, இப்ப ஆயிரத்துக்கும் மேல தோட்டம். அதுல எடம் உள்ள தோட்டத்துல, வேலி போட்டு பூட்டு உள்ள எடத்துல, ஒரு நாலஞ்சு பெட்டைக்கோழி, அதே வலை அதே கூரை அதே விதியோட, சோதனைக்கு ஒரு வருஷம் விட்டுப் பாக்கலாமே. தோட்டத்துக் கழிவுக்கீரைய கோழி சாப்பிடும், எச்சத்த மக்க வச்சா உரம் (பச்சையா போட்டா செடி கருகிடும், மக்க வச்சுதான் போடணும்). 2022 ஜூன்ல மலேசியா கோழி ஏத்துமதிய நிறுத்துனப்ப நம்ம கோழியில மூணுல ஒரு பங்கு அங்கேருந்துதான் வருதுன்னு ஊருக்கே தெரிஞ்சுச்சு. நாலு கோழி அந்தக் கொறைய தீர்க்காது, தெரியும். ஆனா சாப்பாடு எங்கேருந்து வருதுன்னு பிள்ளைங்க கண்ணால பாக்கட்டும்.

லீவுல யாரு பாத்துப்பா, கோழிக்கு சீக்கு வந்தா எந்த டாக்டர், எலி வந்தா பொறுப்பு யாரு, காய்ச்சல் எச்சரிக்கை வந்தா எத்தன மணி நேரத்துல கோழிய எடுக்கணும், இதெல்லாம் எழுத்துல இருக்கணும். எங்க தோட்டத்து அங்கிள், ஆன்ட்டிங்க ஆறு பேரு ஏற்கனவே பேரு கொடுத்துட்டாங்க, அதுல ரெண்டு பேரு கம்பத்துல கோழி வளர்த்த கை. எங்க எம்பிய மக்கள் சந்திப்புல பாத்து இத கொடுக்கப்போறோம். உங்க புளோக்ல தோட்டம் இருந்து, இதுல ஆர்வம் உள்ளவங்க இருந்தா, நீங்களும் உங்க எம்பிகிட்ட கேளுங்க. ஒரே தோட்டத்துலேருந்து கேட்டா ஒதுக்கி வச்சிருவாங்க, பத்து எடத்துலேருந்து கேட்டா உக்காந்து பதில் சொல்லித்தான் ஆகணும்.