சதுர அடிக்கு எத்தனை சதம்

பெப்ரவரி 10, 2025, திங்கள்

டொரொன்ரோவின் ஸ்காபரோவில் அந்த மருத்துவ நிலையத்தின் தரையை இன்று மாலை அளந்தேன். வினைல் ஓடுகள் 12 அங்குலச் சதுரம் என்பதால் ஓட்டை எண்ணினாலே சதுர அடி வந்துவிடும். நடைபாதை 6க்கு 110, காத்திருக்கும் கூடம் 24க்கு 30, பரிசோதனை அறைகள் எட்டும் 10க்கு 10, மருந்தகப் பகுதி 18க்கு 20, ஊழியர் சமையலறை 12க்கு 15. எல்லாமாக 2,720 சதுர அடி. மேலாளர் தம்மிடமிருந்த வரைபடத்தைக் காட்டி 3,400 என்றார். அதில் சுவரும் கழிப்பறையும் நிலையான அலுமாரிகளும் அடக்கம். தரையில் பூசியிருக்கும் பழைய மினுக்க வாக்ஸை உரித்துப் புதிதாகப் பூசச் சதுர அடிக்கு எவ்வளவு என்று வாசலிலேயே கேட்டார். எழுத்தில் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். வாசலில் நின்று சொல்லும் விலையைப் பிறகு ஏற்ற முடியாது.

பெப்ரவரி 11, செவ்வாய்

சமையலறைத் தொட்டியின் கீழ் ஒரு சிறு இடத்தில், பழைய வாக்ஸைக் கரைக்கும் ஸ்ட்ரிப்பரை ஊற்றிப் பார்த்தேன். பத்து நிமிடத்தில் மேலே பாலாடைபோல் திரண்டது. சுரண்டினால் அதன் கீழே தேன் நிறத்தில் இன்னொரு படை, அதற்கும் கீழே மண் நிறத்தில் மற்றொன்று. பல வருடங்களாக உரிக்காமல் மேலே மேலே பூசியிருக்கிறார்கள். ஒரு முறை ஊற்றி எடுக்கிற தரையல்ல இது, இரண்டு முறை ஊற்ற வேண்டும். குளிர்கால வெப்பமூட்டியால் உள்ளே காற்று வறண்டிருப்பதால் ஸ்ட்ரிப்பர் காய்ந்துவிடாமல் நனைத்துக்கொண்டே இருக்கவும் ஓர் ஆள் வேண்டும்.

நடுத்தரையை மெஷின் பார்த்துக்கொள்ளும். அதன் அடியில் சுழலும் வட்டமான தேய்ப்பு பாட் சுவரோரத்தையும் மூலையையும் தொடாது. அங்கே முழங்காலில் இருந்து சுரண்டியால்தான் எடுக்க வேண்டும். ஆகவே இரவு ஓரங்களைக் கூட்டிப் பார்த்தேன். மொத்தம் 790 அடி ஓரம். எட்டு அறைகள் பரப்பில் 29 வீதம்தான், ஓரத்திலோ 41 வீதம். நீளமாகவும் வெறுமையாகவும் கிடக்கும் அந்த நடைபாதைக்கே 232 அடி ஓரம் இருக்கிறது, அதைவிடப் பெரிய கூடத்துக்கு 108 அடிதான். இதைச் சதுர அடி என்கிற ஒற்றை எண்ணுக்குள் எப்படி அடக்குவது?

பெப்ரவரி 13, வியாழன்

பனி. வெளியே போகவில்லை.

பெப்ரவரி 14, வெள்ளி

செலவைத் தாளில் எழுதினேன். என்னோடு வேலைசெய்யும் தம்பிக்கு மணிக்கு 22 டொலர். அதன்மேல் ஓய்வூதியத்துக்கு என் பங்கு 5.95 வீதம், வேலையிழப்புக் காப்புறுதிக்கு அவர் கட்டுவதைப் போல் 1.4 மடங்கு, விடுமுறைச் சம்பளம் 4 வீதம், வேலையிட விபத்துக் காப்புறுதி. எல்லாம் சேர்ந்தால் 25ஐத் தாண்டும். 26 என்று வைத்தேன். என் மணித்தியாலங்களுக்கும் அதே 26. தன் உழைப்பைக் கணக்கில் சேர்க்காதவர்தான் இந்தத் தொழிலில் எல்லாரையும் கெடுக்கிறார். இருவருக்குமாக 28 மணித்தியாலம், 728 டொலர்.

வாக்ஸ் நான்கு பூச்சு. என் கையில் ஒரு கலன் ஏறத்தாழ 2,000 சதுர அடிக்கு ஒரு பூச்சு வரும் என்பதால் ஐந்தரைக் கலன் வேண்டும். வாளியில் இருப்பதோ ஐந்து கலன்! நான்காவது பூச்சின் நடுவில், நள்ளிரவில், எந்தக் கடையும் திறந்திராத நேரத்தில் வாளி காலியாகும் வேலை இது. இரண்டாவது வாளியும் வண்டியில் ஏற வேண்டும். பயன்படும் அளவுக்கு 143 என்று எழுதினேன். ஸ்ட்ரிப்பர் 76, மெஷின் பாட்களும் மொப்புகளும் 35, பயணமும் மெஷின் தேய்மானமும் 60, காப்புறுதி, தொலைபேசி, களஞ்சிய வாடகை ஆகியவற்றின் பங்கு 138. கூட்டினால் 1,180.

இலாபம் 20 வீதம் நிற்க வேண்டும் என்றால் 1,180ஐ 0.8ஆல் வகுக்க வேண்டும், 1,475 வரும். செலவின்மேல் 20 வீதத்தைக் கூட்டினால் 1,416தான். இடையிலுள்ள 59 டொலரைப் பலரும் தெரியாமலே விட்டுவிடுகிறார்கள். 1,475 என்றால் சதுர அடிக்கு 54 சதம். அனுப்பிவிட்டேன்.

பெப்ரவரி 17, திங்கள்

குடும்ப தின விடுமுறை. பதில் வராது என்று தெரிந்தும் மின்னஞ்சலைத் திறந்து திறந்து பார்த்தேன்.

பெப்ரவரி 18, செவ்வாய்

வேறொருவர் 28 சதம் என்கிறாராம்.

28 சதம் என்றால் 2,720 அடிக்கு 761 டொலர் 60 சதம். என் ஆள்கூலி மட்டுமே 728. மிகுதி 33 டொலரில் வாக்ஸ் வாங்கி, எரிபொருள் அடித்து, காப்புறுதியும் கட்ட ஒருவரால் முடியுமானால் அவரிடம் நானே போய்த் தொழில் பழக வேண்டும். அவர் உரிக்கப்போவதில்லை, மேலே தேய்த்துக் கழுவி இரண்டு பூச்சுப் பூசுவார். அதுவும் முறையான வேலைதான், அதற்கும் ஒரு நியாயமான விலை உண்டு. ஆனால் அந்த மண் நிறப் படை புதுப் பூச்சின் கீழே பூட்டப்பட்டுக் கிடக்கும், அடுத்த முறை உரிப்பவருக்கு இன்னும் பாடு.

இன்னொன்றும் இருக்கிறது. அவர் அளந்தாரா, வரைபடத்தின் 3,400ஐயே எடுத்துக்கொண்டாரா? 3,400 என்றால் அவருடைய தொகை 952. என் 1,475ஐ அதே 3,400ஆல் வகுத்தால் 43 சதம்தான். பரப்பை ஊதிக் காட்டினால் எந்த விலையும் மலிவாகத் தெரியும்.

பெப்ரவரி 20, வியாழன்

பதில் இல்லை. மனைவி கேட்டார். பதில் இல்லை என்று அவருக்கும் சொன்னேன்.

பெப்ரவரி 22, சனி

எச்.எஸ்.ரி. என்ற விற்பனை வரி 13 வீதத்தைச் சேர்த்தால் என் தொகை 1,666 டொலர் 75 சதம். வேலை தருபவர் கடைக்காரர் என்றால் அந்த வரியைத் திரும்பப் பெற்றுக்கொள்வார், அவருக்கு 54 சதம் 54 சதமாகவே இருக்கும். மருத்துவ சேவைக்கு வரி விலக்கு உண்டு என்பதாலேயே மருத்துவ நிலையம் தான் கட்டிய வரியைத் திரும்பப் பெற முடியாது. ஆகவே மேலாளரின் கண்ணில் என் விலை 61 சதம். அந்த 28 சதக்காரரின் வருட வருமானம் 30,000 டொலருக்குள் இருந்தால் அவர் வரி அறவிடவே வேண்டியதில்லை. இருமடங்குக்கும் மேலான இந்த வித்தியாசத்தில் ஒரு பகுதி என் கைக்கு வராத பணம்.

தம்பியிடம் சொன்னேன். "அண்ணை, நீங்க ஓரத்துக்குத் தனிக் காசு கேட்டிருக்க வேணும்," என்றார். ஓரம், ஓரம் என்று அவருக்கும் என் வியாதி தொற்றிவிட்டது.

பெப்ரவரி 24, திங்கள்

மேலாளர் அழைத்தார். பின்பக்கக் களஞ்சிய அறையையும் "சும்மா சேர்த்து" செய்து தர முடியுமா என்றார். போய்க் கம்பளத்தைத் தூக்கினேன். 9 அங்குல ஓடு.

அதைத் தொடமாட்டேன். பழைய கட்டடத்தில் 9 அங்குல ஓடு என்றால், மூச்சுக்குக் கேடான அஸ்பெஸ்ரஸ் நார் அதில் இருக்கக்கூடும். 12 அங்குலத்திலும் இருந்திருக்கிறது, ஆய்வுகூடம்தான் உறுதியாகச் சொல்லும். ஒன்ராறியோவின் 278/05 ஒழுங்குவிதியின்படி அஸ்பெஸ்ரஸ் இருப்பது தெரிந்தால் கட்டட உரிமையாளரிடம் அதற்கான பதிவேடு இருக்க வேண்டும், அதைக் காட்டுங்கள் என்று எழுதினேன். வேலையில் சேராதவை என்ற தலைப்பின் கீழ் அந்த அறையை முதல் வரியாக வைத்தேன். பன்னிரண்டு அங்குல ஓடுகளுக்கும் அதே பதிவேட்டைக் கேட்டிருக்கிறேன்.

பெப்ரவரி 27, வியாழன்

பதிவேடு வந்தது. 12 அங்குல ஓடுகள் சுத்தம், களஞ்சிய அறை சோதிக்கப்படவில்லை. விலையைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

உண்மையில் இந்த வேலையைச் சித்திரையில் செய்வதே நல்லது. இப்போது பூசினால் சப்பாத்தோடு வரும் உப்பு முதல் வாரமே மினுக்கத்தைத் தின்னத் தொடங்கும். இதைச் சொன்னால் வேலை தள்ளிப்போகும், சொல்லாவிட்டால் பழி என்மேல் விழும். சொல்லிவிட்டேன்.

மார்ச் 3, திங்கள்

கூடத்தையும் நடைபாதையையும் இப்போது செய்து, அறைகளை "அதே 54 சதத்துக்கு" பிறகு பார்க்கலாமா என்று கேட்கிறார். 54 என்பது சராசரி. அறைகளின் பாரத்தைக் கூடம் சுமப்பதால்தான் அந்த எண் நிற்கிறது. வேலையைப் பிரித்தால் விலையும் பிரியத்தான் வேண்டும்.

இரவு முழுவதும் ஓரக்கணக்கோடு இருந்து பிரித்தேன். கூடம் 42 சதம், மருந்தகம் 46, சமையலறை 49, நடைபாதை 52, பரிசோதனை அறைகள் 72. கூட்டினால் அதே 1,475. இவை முழு வேலைக்கும் ஒன்றாக வந்தால் மட்டும் என்று கீழே எழுதி, அந்த வரியைத் தடித்த எழுத்தில் வைத்து அனுப்பினேன்.

மார்ச் 5, புதன்

கூடத்தை மட்டும் 42 சதத்துக்குச் செய்யலாமா என்று கேட்டிருக்கிறார். 302 டொலர்! குறைந்தபட்சக் கட்டணம் 600 என்று பதில் எழுதிவிட்டு, மெஷினின் வயரை மாற்றக் களஞ்சியத்துக்குப் போனேன்.