100 டிகிரியிலிருந்து 71-க்கு: கம்ப்யூட்டர் தூசு தட்டிய கதை

என் கம்ப்யூட்டரில் இருப்பது இன்டெல் ஐ5-4460 ப்ராசஸர், கூடவே வந்த அதே ஃபேன். பழசுதான், ஆனால் எழுதவும் கொஞ்சம் வீடியோ வெட்டவும் தாராளமாகப் போதும். இந்தக் கோடையில் வீடியோ எக்ஸ்போர்ட் போட்டாலே ஃபேன் இரைந்தது, வேலை தவழ்ந்தது. ப்ராசஸரின் சூட்டைக் காட்டும் கோர் டெம்ப் மென்பொருளில் பார்த்தால் 99, 100 என்று நிற்கிறது. இந்த ப்ராசஸருக்கு வரம்பே 100 டிகிரிதான். அதைத் தொட்டால் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

முதலில் ப்ளோயர். ஷட் டவுன் செய்து, ப்ளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில வினாடி அழுத்தி மிச்சமிருந்த மின்சாரத்தை வடியவிட்டேன். கேபினெட்டை மொட்டை மாடிக்குக் கொண்டுபோய், வெறும் இரும்புப் பகுதியை அடிக்கடி தொட்டுக்கொண்டே ஊதினேன். உடம்பில் சேரும் ஸ்டேட்டிக் மின்சாரம் மதர்போர்டுக்குப் போகக் கூடாது. வாக்குவம் கிளீனரை உள்ளே விடாததும் அதனால்தான். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். தாறுமாறாகச் சுற்றினால் பேரிங் போகும். சுற்றும் மோட்டார் போர்டுக்கு மின்சாரத்தைத் திருப்பி அனுப்பவும் கூடும். கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் யாரும் திறக்காதீர்கள். ப்ளக்கை எடுத்த பிறகும் அதிலுள்ள கெப்பாசிட்டர்களில் ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும். வெளியிலிருந்து ஊதினால் போதும்.

புகை மாதிரி தூசு பறந்தது. அப்படியும் 94.

அடுத்த நாள் கூலரையே, அதாவது ஃபேனும் அதன் அடியில் சூட்டை இழுக்கும் உலோக ஹீட்சிங்க்கும் சேர்ந்ததை, கழற்றினேன். ப்ராசஸருக்கும் கூலருக்கும் நடுவில் சூட்டைக் கடத்தத் தடவியிருக்கும் பேஸ்ட் இளகட்டும் என்று கொஞ்ச நேரம் கம்ப்யூட்டரை ஓடவிட்டு, மறுபடி ப்ளக்கைப் பிடுங்கி, ஃபேன் வயரை எடுத்து, நான்கு பிளாஸ்டிக் கால்களையும் அம்புக்குறிப் பக்கம் கால் சுற்று திருப்பி மேலே இழுத்தேன். (ஏஎம்டி நிறுவனத்தின் ஏஎம்4 வகை ப்ராசஸர் வைத்திருப்பவர்கள் கூலரை நேராக இழுக்க வேண்டாம், ப்ராசஸரும் சேர்ந்து வந்துவிடும், மெல்ல இடவலமாகத் திருகி எடுங்கள்.) ஃபேனைக் கிளிப்பிலிருந்து விடுவித்ததும் விஷயம் தெரிந்தது. ஹீட்சிங்க் தகடுகளின் மேல் தூசு முழுசாக ஒரு படலமாக அமர்ந்திருந்தது. ஃபேன் மேலிருந்து கீழே ஊதுவதால் எல்லாத் தூசும் அதற்கு அடியில்தான் அமுங்குகிறது. மேலே இறக்கை பளிச்சென்று இருந்தாலும் கீழே காற்றுக்கு வழியே இல்லை. விரலால் உரித்தெடுத்து, மிச்சத்தைப் பெயிண்ட் பிரஷால் தட்டினேன்.

காய்ந்து வெடித்திருந்த பேஸ்ட்டை ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் துடைத்து, நடுவில் அரைப் பட்டாணி அளவு புதுசு வைத்தேன். கால்களை எதிரெதிர் மூலையாக ‘டக்’ கேட்கும்வரை அழுத்தினேன். மாட்டிய பிறகு போர்டின் பின்பக்கம் நான்கும் வெளியே வந்திருக்கிறதா என்று பார்ப்பது முக்கியம். ஒன்று பாதியில் நின்றாலும் ஹீட்சிங்க் சாய்ந்து ப்ராசஸரில் சரியாகப் படியாது. அப்புறம் ஃபேன் வயரை மறக்காமல் செருகினேன்.

அதே வீடியோ, அதே மதிய வெயில்: 71. சும்மா இருக்கும்போது 42. கேபினெட்டையும் தரையிலிருந்து ஒரு முக்காலிக்கு மாற்றியாயிற்று. அடுத்த வேலை, காலியாக இருக்கும் பின்பக்கத் துளையில் ஒரு 120 மி.மீ. ஃபேன்.